சுவைக்கும் அறம் உண்டு

“எனக்கு இது பிடிக்கும்” என்று ஒருவர் சொல்லிவிட்டால், அதன்மேல் வழக்காட ஒன்றுமில்லை என்பது பொதுவான எண்ணம். ஒருவருக்கு இனிப்பு உகக்கும். மற்றொருவருக்குப் பாகற்காயின் கசப்பே உகக்கும். இருவரையும் மன்றத்தில் நிறுத்தி, நீதி யார் பக்கம் என்று தீர்ப்புக் கூற இயலாது. பொய்யும் களவும் அறநூலின் எல்லைக்குள் வருவன. சுவையோ அவரவர் நாவிற்கும் செவிக்கும் உரிய தனியுடைமை. அதனுள் நுழைந்து ஆணையிட எவருக்கும் உரிமையில்லை. இவ்வாறு கருதுவதில் ஒரு நாகரிகமும் உண்டு. பிறர் சுவையை மதிக்கும் பண்பு இதனால் வளர்கின்றது.

ஆயினும், இக்கொள்கை முற்றிலும் உண்மையாகுமா? சுவை என்பது யாருக்கும் விடைசொல்லக் கடமைப்படாத தனியரசா? அன்றி, அதற்கும் பொறுப்பு என ஒன்று உண்டா? இதுவே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் வினா.

வினா பெரிது, ஆகவே எடுத்துக்காட்டு எளியதாக இருத்தல் நன்று. கித்தார் என்னும் இசைக்கருவியை எடுத்துக் கொள்வோம். இக்கருவி நமக்குப் புதியதன்று. 1961ஆம் ஆண்டில் கிளிஃப் ரிச்சர்டும் ‘ஷேடோஸ்’ குழுவினரும் சிங்கப்பூருக்கு வந்து இசை நிகழ்த்தியபின், இங்கும் மலாயாவிலும் இளைஞர் பலர் மின் கித்தாரைக் கையில் எடுத்தனர். ‘பாப் யே யே’ என்னும் மலாய் மெல்லிசை அவ்வலையில் எழுந்து வளர்ந்தது. அன்று முதல் இன்று வரை, கித்தார் அன்பர் இருவர் ஓரிடத்தில் கூடினால் மூன்று பொருள்களைப் பற்றிய பேச்சு எழாமற் போவதில்லை: எந்த மரத்தாலான கித்தார் சிறந்தது? எந்தத் தந்தி இனிமையானது? எந்த ஒலிபெருக்கி உயர்ந்தது? இம்மூன்றிலும் அவர்கள் காட்டும் விருப்பு வெறுப்புகள் சமயப் பற்றுக்கு நிகரானவை. விருப்பம் எங்கே பிறக்கிறது, எங்கே ஏமாறுகிறது, எங்கே பிறரைத் தீண்டுகிறது என்பதை அறிய இவற்றினும் தெளிவான சான்றுகள் கிடைப்பது அரிது.

உடலில் பிறக்கும் விருப்பம்

முதலில் தந்தியைப் பார்ப்போம். மின் கித்தாரின் தந்திகளை அவற்றுள் மிக மெல்லியதன் பருமனைக் கொண்டு பெயரிட்டு வழங்குவர். ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறுகளாக்கி, அவற்றுள் ஒன்பது கூறு பருமனுடையதை ‘ஒன்பது’ என்றும், பத்துக் கூறு உடையதைப் ‘பத்து’ என்றும் அழைப்பர். ஆயிரத்தில் ஒரு கூறு என்பது கண்ணுக்குப் புலப்படாத அளவு. ஆயினும் விரல் அதனை உடனே அறிந்துகொள்ளும். பருத்த தந்தி இறுகி நிற்கும். அழுத்தி வளைக்க வலிமை வேண்டும். மெல்லிய தந்தி எளிதில் வளைந்து கொடுக்கும்.

டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஸ்டீவி ரே வான் ‘பதின்மூன்று’ போன்ற பருத்த தந்திகளைப் பூட்டி வாசித்தவர். அதே மாநிலத்தவரான பில்லி கிப்பன்ஸ், ‘ஏழு’ என்னும் மிக மெல்லிய தந்தியையே விரும்புகின்றவர். பருத்த தந்திகளை அவர் கையாண்ட காலத்தில், பி. பி. கிங் அவரது கித்தாரை வாங்கி வாசித்துப் பார்த்து, இவ்வளவு பாடுபட வேண்டிய தேவை என்ன என்று கேட்டதாகவும், அதன்பின் தாம் மெல்லிய தந்திக்கு மாறியதாகவும் கிப்பன்ஸ் கூறுவதுண்டு. இருவரது இசையும் கேட்போரைக் கட்டிப்போடும் ஆற்றலுடையது. இவர்களுள் யார் சரி என்று கேட்பது, உயரமானவரின் செருப்புச் சரியா, குள்ளமானவரின் செருப்புச் சரியா என்று கேட்பது போன்றது.

இதனினும் உருக்கமான சான்று ஒன்றுண்டு. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் டோனி அயோமி என்னும் பதினேழு வயது இளைஞர், 1965இல் தாம் வேலை பார்த்த தொழிற்சாலையில் நேர்ந்த விபத்தில் வலக்கையின் நடுவிரல், மோதிர விரல் ஆகியவற்றின் நுனிகளை இழந்தார். அவர் இடக்கைப் பழக்கமுடையவர். தந்தியை அழுத்த வேண்டிய கையே அது. அவர் சோர்ந்துவிடவில்லை. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல் நுனிகளுக்கு உறை செய்துகொண்டார். வலி தாங்கும்பொருட்டு, பேஞ்சோ என்னும் கருவிக்குரிய மெல்லிய தந்திகளைத் தம் கித்தாரில் பூட்டினார். பின்னர்ச் சுருதியையும் தாழ்த்திக்கொண்டார். ‘பிளாக் சபத்’ குழுவின் இருண்ட, கனத்த ஓசை இவ்வாறு உருப்பெற்றது. இன்று அவ்வோசையை விரும்பிப் பின்பற்றுவோர் உலகெங்கும் உள்ளனர். அவர்களுக்கு அது சுவை. அயோமிக்கோ அது காயத்திற்குக் கண்ட மருந்து.

இவற்றால் நாம் அறிவது என்ன? விருப்பம் வெறும் மனவோட்டமன்று. அது கையின் வலிமையிலும், உடலின் குறையிலும், உழைப்பின் தேவையிலும் வேர்கொண்டது. இத்தகைய விருப்பத்திற்குக் காரணம் கேட்டால், விரும்பியவர் தம் விரலை நீட்டிக் காட்டுவார். அவரோடு வாதிட நமக்கு உரிமையில்லை.

பழக்கத்தில் பிறக்கும் விருப்பம்

எல்லா விருப்பமும் இவ்வாறு உடலில் பிறப்பதில்லை. பல விருப்பங்கள் காலமும் பழக்கமும் கற்பித்தவை. தமிழில் யாழின் தந்தியை ‘நரம்பு’ என்று வழங்கும் மரபு பழமையானது. மேனாட்டிலும் கித்தாரின் மேல் தந்திகள் நெடுங்காலம் விலங்கின் குடல்நாரால் ஆனவையே. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அறுவை மருத்துவத்தின் தையலுக்குக் குடல்நார் தேவைப்பட்டது. இசைக்கலைஞருக்கு அது கிடைப்பது அரிதாயிற்று. நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்னும் கருவி செய்வோர் நைலான் இழையைக் கொண்டு முயன்றார். ஸ்பெயின் நாட்டுப் பெருங்கலைஞர் ஆந்திரேஸ் செகோவியா அதனை ஏற்று ஊக்கமளித்தார். 1940களின் பிற்பகுதியில் நைலான் தந்தி கடைக்கு வந்தது. ஒரு தலைமுறை செல்வதற்குள், நைலானின் ஓசையே செவ்வியல் கித்தாரின் இயற்கையான ஓசை என்று உலகம் கருதத் தொடங்கிவிட்டது. பற்றாக்குறையின் பிள்ளை, மரபின் தாயாகிவிட்டது!

ஒலிபெருக்கியின் வரலாறு இதனினும் வியப்பானது. தொடக்கத்தில் ஒலிபெருக்கி செய்தோரின் நோக்கம், கித்தாரின் ஓசையைச் சிதைக்காமல் பெரிதாக்குவதே. வால்வு ஒலிபெருக்கியை அதன் ஆற்றலுக்கு மீறி முடுக்கினால் ஓசை கரகரத்துச் சிதையும். பொறியாளருக்கு அது குறை. இளைஞர்க்கோ அது குணமாயிற்று. 1964இல் ‘கிங்ஸ்’ குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ், தம் சிறிய ஒலிபெருக்கியின் தாள்கூம்பைச் சவரத் தகட்டால் கீறிவிட்டு, அதிலிருந்து எழுந்த கிழிந்த ஓசையையே இசைத்தட்டில் பதிவு செய்தார். இலண்டனில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலும் அவருடைய துணைவர்களும், அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனத்து ‘பேஸ்மேன்’ என்னும் ஒலிபெருக்கியை முன்மாதிரியாகக் கொண்டு, 1962இல் தங்கள் ஒலிபெருக்கியை உருவாக்கினர். முன்மாதிரியோ தாழ்சுருதி கித்தாருக்கென ஆக்கப்பட்டது. ஒன்றுக்கென ஆக்கியது மற்றொன்றுக்குப் பயன்பட்டு, ராக் இசையின் குரலாகவே மாறிற்று.

வால்வா, டிரான்சிஸ்டரா என்னும் வழக்கு இன்றும் ஓய்ந்தபாடில்லை. வால்வு தன் எல்லையை நெருங்கும்போது ஒலியலையின் முகடுகளைச் சிறிது சிறிதாக மழுக்குகிறது; டிரான்சிஸ்டரோ சட்டென வெட்டிவிடுகிறது. ஆதலின் வால்வின் சிதைவு செவிக்கு இதமாகத் தோன்றுகிறது என்பர். இவ்விளக்கத்தில் உண்மை உண்டு. ஆனால், சிதைந்த ஓசையையே ஓர் இனிமையாகக் கேட்கும் செவி முதலில் உருவாக வேண்டியிருந்தது என்பதை நாம் மறத்தலாகாது. 1950இல் வாழ்ந்த வானொலிப் பொறியாளர் ஒருவரிடம் இதனைக் காட்டியிருந்தால், பழுதுபார்க்கவே முனைந்திருப்பார்.

கிப்சன் நிறுவனத்தின் ‘லெஸ் பால்’ கித்தாரும் இவ்வுண்மைக்குச் சான்று. செம்மஞ்சள் சாயல் பூண்ட அதன் வடிவம் 1958 முதல் 1960 வரை செய்யப்பட்டது. வாங்குவோர் போதிய அளவில் இல்லாமையால் நிறுவனம் அதனைக் கைவிட்டது. பிறகு எரிக் கிளாப்டன் போன்ற இளங்கலைஞர்கள் பழைய லெஸ் பாலை மார்ஷல் ஒலிபெருக்கியோடு இணைத்து வாசித்தனர். உலகம் செவி சாய்த்தது. 1968இல் நிறுவனம் அதனை மீண்டும் செய்யத் தொடங்கியது. அன்று விலைபோகாத அக்கருவிகள், இன்று செல்வர் மட்டுமே தொடக்கூடியவை. மரம் மாறவில்லை, தந்தி மாறவில்லை, நல்ல கை ஒன்று அதனைத் தொட்டுக் காட்டியது, அவ்வளவே.

கற்றுக்கொண்ட சுவை பொய்ச்சுவை என்று நாம் கூறவில்லை. தாய்மொழியும் கற்றுக்கொண்டதே, அதனால் அதன்மேல் கொண்ட அன்பு பொய்யாகிவிடுமா? ஆயினும், ஒரு சுவை கற்றுக்கொண்டது என உணர்ந்தவர், அதனை இயற்கையின் ஆணை என்று பிறர்மேல் சுமத்த மாட்டார். சுவைக்குரிய முதல் ஒழுக்கம் அடக்கம் என்பது இதனால் விளங்கும்.

கண்ணால் கேட்கும் ஓசை

இனி மரத்துக்கு வருவோம். மின்னிணைப்பு இல்லாத கித்தாரின் உடல் முகப்பலகை, பின்பலகை, பக்கப்பலகை என்னும் பகுதிகளால் ஆனது. பின்பலகைக்கும் பக்கப்பலகைக்கும் பிரேசில் நாட்டு ரோஸ்வுட் மரமே தலைசிறந்தது என்பது அன்பர்களின் நெடுநாள் நம்பிக்கை. 1960களின் இறுதியில் அம்மரத்தின் வரத்துக் குறைந்தபோது, அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அது வேறொன்றுமன்று, மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் வளரும் நம் ஈட்டி மரமே. மாறியபின் செய்தவற்றைவிட முன் செய்தவையே மேலானவை என்று கூறி, பழையவற்றுக்குப் பன்மடங்கு விலை கொடுப்போர் இன்றும் உளர்.

இந்நம்பிக்கையை முதன்முதல் உரசிப் பார்த்தவர் ஒரு தச்சரே. இன்றைய செவ்வியல் கித்தாருக்கு வடிவம் தந்த ஸ்பெயின் நாட்டு அந்தோனியோ தே தோர்ரெஸ், 1862ஆம் ஆண்டளவில் ஒரு கித்தார் செய்தார். அதன் முகப்பலகை மரம். பின்புறமும் பக்கங்களும் தாள் அட்டை! ஓசையின் உயிர் முகப்பலகையிலேயே உள்ளது என்பதை மெய்ப்பிக்கவே அவர் அவ்வாறு செய்தார். அக்கருவி பார்சலோனா நகரின் இசை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

நம் காலத்தில் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதனை மேலும் முறையாகச் சோதித்தனர். ஒரே கைவினைஞரைக் கொண்டு ஆறு கித்தார்கள் செய்வித்தனர். எல்லாம் ஒரே அமைப்பு. பின்பலகை, பக்கப்பலகைகளின் மரம் மட்டும் வேறு வேறு. பிரேசில் ரோஸ்வுட் முதல் விலை குறைந்த சப்பேலி வரை அவற்றுள் அடங்கும். 52 கித்தார் கலைஞர்கள் மரத்தைக் காண முடியாதவாறு, இருண்ட கண்ணாடி அணிந்து அவற்றை வாசித்தனர். அவர்கள் வழங்கிய மதிப்பெண்களில் ஆறு கருவிகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு காணப்படவில்லை. இன்ன மரத்தின் ஓசை இது எனப் பிரித்தறிவதும் அவர்களுக்கு எளிதாக இல்லை. இம்முடிவுகள் 2018இல் வெளியாயின.

இச்சோதனையைக் கொண்டு, எல்லாக் கித்தாரும் ஒன்றே என்று முடிவு கட்டுவது பிழை. சோதிக்கப்பட்டது பின்பலகையும் பக்கப்பலகையுமே; முகப்பலகையன்று, தந்தியன்று, செய்நேர்த்தியன்று. கைதேர்ந்த கலைஞர் நல்ல கருவிக்கும் தீய கருவிக்கும் உள்ள வேறுபாட்டை அறியாதவர் அல்லர். ஆனால் ஒன்று மட்டும் தெளிவாகிறது. நாம் செவியால் கேட்டோம் என்று சத்தியம் செய்யும் பலவற்றை, உண்மையில் கண்ணால் கேட்டிருக்கிறோம்; விலைச்சீட்டால் கேட்டிருக்கிறோம்; பிறர் புகழ்ந்த சொல்லால் கேட்டிருக்கிறோம்.

இதில் அறம் எங்கே வந்தது என வினவலாம். தன்னை ஏமாற்றிக் கொள்வதும் பொய்யின் ஒரு வகையே. பிறரிடம் பொய் சொன்னால் அவர் என்றேனும் கண்டுபிடித்துக் கேட்பார். நமக்கு நாமே சொல்லும் பொய்யைக் கேட்பார் யார்? “பிடிக்கும்” என்று சொல்லும் உரிமை நமக்கு உண்டு. “கேட்டேன்” என்று சொல்வதற்கோ, உண்மையில் கேட்டிருக்க வேண்டும்.

கருமை தேடிய கோடரி

இதுவரை கூறியவை விரும்புவோரின் உள்ளத்தோடு முடிந்துவிடுவன. இனிக் கூறுவது அவ்வாறன்று.

கித்தாரின் கழுத்தின்மேல் விரல்கள் ஓடும் பலகையை விரற்பலகை என்னலாம். உயர்ந்த கித்தார்களில் அது கருங்காலி மரத்தால் செய்யப்படும். கருங்காலி உறுதியானது, தந்தியின் தேய்மானத்தைத் தாங்குவது. ஆனால் வாங்குவோர் உறுதியை மட்டும் கேட்கவில்லை, கருமையையும் கேட்டனர். ஒரு கோடும் இல்லாத, மைபோன்ற தூய கருமையே உயர்வின் அடையாளம் என்பது வழிவழி வந்த நம்பிக்கை.

கலிஃபோர்னியாவில் 1974இல் டெய்லர் கித்தார் நிறுவனத்தைத் தொடங்கிய இருவருள் ஒருவரான பாப் டெய்லர், 2011இல் ஸ்பெயின் நாட்டு நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து, ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில் கருங்காலி அறுக்கும் ஆலையொன்றை வாங்கினார். அங்குள்ள காடுகளில் நடந்துவந்ததை அவர் பின்னர் உலகுக்கு எடுத்துரைத்தார். கருங்காலி மரத்தின் உட்பகுதி முழுக்கருமையா, பழுப்பு வரி ஓடியதா என்பது நிற்கும்போது தெரியாது. வெட்டிய பின்னரே தெரியும். வெட்டியபின் வரி தென்பட்டால், அம்மரத்திற்கு விலையில்லை. ஆகவே அதனை வீழ்ந்த இடத்திலேயே விட்டுவிட்டு அடுத்த மரத்தைத் தேடிச் செல்வர். பத்து மரம் வீழ்ந்தால், கருமை வாய்ந்த ஒன்றே காட்டைவிட்டு வெளிவரும். எஞ்சியவை மண்ணோடு மக்கும் என்று அவர் விளக்கினார்.

வரியோடிய மரம் கருமரத்தினும் உறுதியில் தாழ்ந்ததா? இல்லை. ஓசையில் தாழ்ந்ததா? அதுவுமில்லை என்பதே டெய்லரின் துணிபு. எனின், அம்மரங்கள் எதற்காக வீழ்ந்தன? கடல்களுக்கு அப்பால் ஒளிமிகுந்த கடையொன்றில் நின்றுகொண்டு, ஒருவர் “எனக்குக் கருப்பே பிடிக்கும்” என்று சொன்னார், அதற்காக வீழ்ந்தன. அவர் கொடியவர் அல்லர். மென்மையான இசையை நேசிப்பவர். ஒரு மரத்தையும் அவர் கண்ணாரக் கண்டு வெட்டச் சொன்னவர் அல்லர். அவர் செய்ததெல்லாம் விரும்பியது ஒன்றே. அவரைப் போன்ற பல்லாயிரவர் ஒன்றாக விரும்பியபோது, அவ்விருப்பம் காட்டில் கோடரியாகப் பிறந்தது.

பிரேசில் ரோஸ்வுட்டின் நிலையும் இரங்கத்தக்கதே. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கை, 1992இல் அதனை மிகக் கடுமையான பட்டியலில் சேர்த்தது. 2017இல் ஈட்டி மரம் உட்பட, அவ்வினத்தைச் சேர்ந்த மரங்கள் அனைத்தும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. 2019இல் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்க முடிவாயிற்று. நீதி வழுவாமல் ஒன்று சொல்ல வேண்டும்: இவ்வினத்தின் அழிவுக்குக் கித்தாரைவிட மரச்சாமான் தொழிலே பெருங்காரணம். ஆயினும், பிறருடைய பங்கு பெரிது என்பது நம்முடைய பங்கை இல்லையென ஆக்கிவிடாது. 2012இல் கிப்சன் நிறுவனம், மடகாஸ்கர் நாட்டுக் கருங்காலியை இறக்குமதி செய்தது தொடர்பான வழக்கில் 300,000 அமெரிக்க டாலர் தண்டம் செலுத்த உடன்பட்டது. சட்டம் நிறுவனத்தைக் கேட்டது. வாங்குவோரைக் கேட்க, அவரவர் மனச்சான்றைத் தவிர வேறு மன்றம் இல்லை.

மறுப்பும் விடையும்

இங்கே இரண்டு மறுப்புகள் எழலாம்.

“கலையை அறத்தால் அளக்கப் புகுந்தால் கலை செத்துவிடும். கலைஞன் ஒவ்வொரு தந்தியையும் தொடுமுன் காட்டையும் கடலையும் எண்ணிக்கொண்டிருக்க இயலுமா?” என்பது முதல் மறுப்பு. இதற்கு விடை, மேலே கண்ட கதையிலேயே உள்ளது. டெய்லர் தம் கித்தார்களில் வரியோடிய கருங்காலியைப் பயன்படுத்துவது என முடிவு செய்தார். அதனால் இசை ஒன்றும் குன்றிவிடவில்லை. 2016 முதல், கேமரூனின் சிற்றூர் மக்களைக் கொண்டு கருங்காலிக் கன்றுகளும் பழமரங்களும் நடும் பணியும் நடைபெறலாயிற்று. இன்று நடும் கருங்காலி கருவியாவதற்குள் இரண்டு மூன்று தலைமுறைகள் கடந்துவிடும். நடுகின்றவர் அதன் இசையைக் கேட்கப் போவதில்லை. இங்கே கைவிடப்பட்டது கலையன்று. ஆராயாத பழக்கம் ஒன்றே.

“அவ்வாறாயின், எல்லா விருப்பத்தையும் துறந்துவிடுவதே நன்றன்றோ?” என்பது இரண்டாம் மறுப்பு. அன்று. விருப்பமில்லாத கலைஞன் இல்லை. நாகசுரம் செய்வோர் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் முதிர்ந்த ஆச்சா மரத்தைத் தேடிச் செல்வதும் விருப்பமே. நூறாண்டு நின்ற தூண் ஒன்று விறகாகாமல் குழலாகிறது. இத்தகைய விருப்பம் எதனையும் அழிக்கவில்லை. அழிய இருந்ததற்கு வாழ்வளிக்கிறது. ஆகவே, விரும்பலாமா என்பதன்று வினா. எவ்வாறு விரும்புவது என்பதே வினா.

பிரிட்டனைச் சேர்ந்த பிரையன் மே, 1963இல் பள்ளி மாணவராக இருந்தபோது, விலைகொடுத்து மின் கித்தார் வாங்க வழியின்றி, தந்தையாரோடு சேர்ந்து தாமே ஒன்றைச் செய்யத் தொடங்கினார். கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மரச்சட்டம். சுருள்வில்லுக்கு மோட்டார் சைக்கிளின் வால்வு வில். சுரங்களைக் குறிக்கும் புள்ளிகளுக்குச் சட்டைப் பொத்தான்கள். ஆறு பென்னி நாணயமே தந்தி மீட்டும் வில்லை. பின்னாளில் ‘குவீன்’ குழுவில் புகழும் பொருளும் சேர்ந்தபின்னும், அவர் அக்கருவியை விட்டு அகலவில்லை. அவர் விருப்பமும் உறுதியானதே. ஆனால் அது சந்தை விதித்த விருப்பமன்று. கையும் செவியும் தேடிக் கண்டது.

பற்று எல்லை மீறினால் என்னவாகும் என்பதற்குப் பி. பி. கிங்கின் வாழ்வில் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1949இல் ஆர்கன்சா மாநிலத்தின் டுவிஸ்ட் என்னும் சிற்றூரில் அவர் ஓர் ஆடலரங்கில் வாசித்துக்கொண்டிருந்தார். குளிருக்காக மூட்டப்பட்டிருந்த மண்ணெண்ணெய்த் தீ, இருவர் சண்டையிட்டதில் கவிழ்ந்து அரங்கையே பற்றிக்கொண்டது. வெளியே ஓடிவந்த கிங், கித்தாரை உள்ளேயே விட்டுவிட்டதை நினைத்து, எரியும் அரங்குக்குள் மீண்டும் புகுந்து அதனை எடுத்துவந்தார். உயிர் தப்பியது அரிது. அச்சண்டை லூசில் என்னும் பெண்ணைப் பற்றியது என மறுநாள் அறிந்தார். அத்தகைய மடமையை இனி ஒருபோதும் செய்யலாகாது என்று தமக்குத் தாமே நினைவூட்டிக்கொள்ள, தம் கித்தாருக்கு அப்பெயரையே இட்டார். பின்னர் அவர் கையில் தவழ்ந்த கித்தார்கள் அடுத்தடுத்து லூசில் என்றே பெயர் பெற்றன. கருவி மாறிற்று, பெயர் மாறவில்லை. அவர் காத்துக்கொண்டது மரத்தை அன்று, ஒரு நினைவை என்பது தெளிவு. பொருளின்மேல் கொண்ட பற்றுக்கு எல்லை வகுக்கும் பெயரைப் பொருளின்மேலேயே எழுதிவைத்தவர் அவர்.

2019இல் டேவிட் கில்மர், தாம் நெடுங்காலம் வாசித்த கருநிற ஃபெண்டர் கித்தார் உள்ளிட்ட தம் கருவிகளை நியூயார்க்கில் ஏலத்தில் விற்றார். அந்த ஒரு கித்தார் மட்டும் 3,975,000 டாலருக்கு விலைபோயிற்று. ஏலத் தொகையைச் சுற்றுச்சூழல் காக்கச் சட்டவழியில் போராடும் அறநிறுவனம் ஒன்றுக்கு அவர் வழங்கினார். ஒரு கருவியை மிக விரும்பியவரே அதனைக் கொடுத்துவிடவும் முடியும் என்பதற்கு இது சான்று.

வகுப்பறையில் இரு வினாக்கள்

இக்கட்டுரையைப் படிப்போருள் கித்தார் தொடாதவரே மிகுதியாக இருப்பர். ஆயினும் சுவையைக் கற்பிப்பது ஆசிரியர்தம் தொழில்; சுவையைக் கற்பது மாணவர்தம் கடமை. ஆகவே இவ்வாராய்ச்சி நமக்கும் உரியதே.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்னும் பேராசிரியர், கவிஞர் பெயரை மறைத்துவிட்டு மாணவரிடம் கவிதைகளைக் கொடுத்துக் கருத்தெழுதச் சொன்னார். அதன் விளைவுகளை 1929இல் நூலாக்கினார். புகழ்பெற்றோரின் கவிதையைத் தாழ்த்தியும், மற்றோரின் கவிதையை உயர்த்தியும் மாணவர் எழுதியிருந்தனர். மரத்தை மறைத்துக் கித்தாரை வாசிக்கச் செய்த சோதனைக்கு இது மூத்த உடன்பிறப்பு. நம் வகுப்பறையிலும் இதனைச் செய்து பார்க்கலாம். “இக்கவிதை பிடிக்கும்” என்று மாணவர் கூறும்போது, “எந்தச் சொல்லில் பிடித்தது?” என்று அன்போடு கேட்கலாம். அவ்வினா மாணவரின் சுவையைப் பறிப்பதற்கன்று; அது அவருடைய சொந்தச் சுவைதானா என்பதை அவரே கண்டுகொள்வதற்கு. திருக்குறளில் கல்விக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர், கேள்விக்கும் தனி அதிகாரம் வகுத்திருத்தல் கருதத்தக்கது. கேட்டல் தானே வாய்ப்பதன்று, பயின்று பெறுவது.

இரண்டாவது வினா, “இவ்விருப்பத்திற்கு விலை கொடுப்பவர் யார்?” என்பது. நாம் உடுக்கும் துணிக்கும், உண்ணும் உணவுக்கும், கையில் வைத்திருக்கும் தொலைபேசிக்கும் இது பொருந்தும். விலையை நாமே கொடுக்கும் விருப்பத்தை எவரும் தடுக்க வேண்டியதில்லை. பருத்த தந்தியை விரும்புகிறவரின் விரலே காய்த்துப் போகிறது. தூய கருமையை விரும்புகிறவருக்கோ, எங்கோ ஒரு காடு விலை கொடுக்கிறது.

என் செவி உண்மையில் கேட்டதா? இதன் விலையை வேறொருவர் கொடுக்கிறாரா? இவ்விரு வினாக்களுக்கும் நேர்மையாக விடைகூறிய பின் எஞ்சும் விருப்பம், நம் சொந்த விருப்பம். அதனை எவரும் பழிக்க இயலாது. அதற்காக நாமும் நாண வேண்டியதில்லை. வரியோடிய கருங்காலி விரற்பலகையை விரும்பி வாங்கும் இளைஞர் இன்று பலர் உளர். அப்பழுப்பு வரிகளே அவர்கள் கண்ணுக்கு அழகாகத் தோன்றுகின்றன. சுவை திருந்தக் கூடியது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.